சம்பந்தி காருக்கு ஏற்ற தரை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு நானும் என் மனைவியும் நலம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாவும் தங்கள் காரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். காரை மூன்றாவதாகச் சொன்னது எழுத்து வரிசைக்காக மட்டுமே. குறைத்து மதிப்பிட்டதாகக் கொள்ள வேண்டாம்.

ஞாயிறுதோறும் போனில் பேசுகிற நமக்குள் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒரு பதிலைச் சொல்லி முடிப்பதற்குள் தாங்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறீர்கள். கடிதத்தில் அந்த வசதி கிடையாது. முழுவதும் படித்த பிறகுதான் கேட்க முடியும். முழுவதும் படித்தபின் கேட்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. அதற்காகத்தான் ஆறு வாரம் பாடுபட்டிருக்கிறேன்.

புதுப் பாடத்தைத் தொடங்குமுன் பழைய பாடத்தை ஒரு முறை சொல்லிவிடுவது முப்பத்து நான்கு ஆண்டுகள் பூகோளம் நடத்திய எனக்கு வழக்கம். தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் மகளுக்கும் தங்கள் மகனுக்கும் கடல் தாண்டிய ஊரில் பிறந்திருக்கும் நம் பேத்திக்கு நான்கு மாதம் முடியப் போகிறது. வருகிற இருபத்திரண்டாம் தேதி என் மகள் வேலைக்குத் திரும்ப வேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் பெரியவர்கள் வேண்டும். முதல் ஆறு மாதம் தாங்கள் இருவரும், அடுத்த ஆறு மாதம் நாங்கள் இருவரும் என்று முறை வைத்துக்கொண்டோம். முதல் முறையைத் தங்களுக்கு விட்டுக்கொடுத்தது மாப்பிள்ளையின் பெற்றோர் என்கிற மரியாதைக்காக. அப்போது என் மனைவி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஏன் என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இருபதாம் தேதிக்கு டிக்கெட்டும் எடுத்தாயிற்று. எல்லாம் முடிந்தது என்று நான் நாற்காலியில் சாய்ந்தபோதுதான் தாங்கள் போனில் அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள்.

"நாங்க கிளம்பிடுவோம் சம்பந்தி. வண்டிய யாரு பாத்துக்கறது?"

நியாயமான கேள்வி. நாற்பது ஆண்டுகள் ரயிலில் கார்டாக இருந்து, ஓய்வு பெற்ற பணத்தில் வாங்கிய கார். தினமும் காலையில் மஞ்சள் துணியால் அதைத் துடைப்பீர்கள், வாரத்துக்கு ஒரு முறை தெருமுனை வரை ஓட்டிப் போய்க் காற்று வாங்க வைத்துத் திரும்பக் கொண்டுவருவீர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டிலோ ஒரு கார் ஷெட் சும்மா கிடந்தது. சும்மா என்றால் கார் இல்லை என்று பொருள். மற்றபடி உலகமே அதற்குள் இருந்தது. பள்ளியில் பழையது என்று கழித்துவிட்ட ஏழு சுவர் வரைபடங்கள், ஒரு பூகோள உருண்டை, கால் ஒடிந்த இரண்டு நாற்காலிகள், என் சைக்கிள், என் மனைவி எறியச் சொல்லி நான் எறிந்துவிட்டதாகச் சொன்ன எல்லாப் பொருள்களும். "எங்க ஷெட்ல விடுங்க" என்று உடனே சொன்னேன். தாங்கள் இரண்டு முறை இருமினீர்கள். பிறகு, "தரை என்ன தரை?" என்றீர்கள். "சிமெண்ட் தரை" என்றேன்.

"வெறும் சிமெண்டா?"

அந்த 'வெறும்' என்ற சொல் ஆறு வாரமாக என் காதில் இருக்கிறது.

"என் வண்டி வெறும் சிமெண்டுல நின்னதே இல்ல சம்பந்தி. அதுக்கு ஏத்த தரை இருந்தா நிம்மதியா விட்டுட்டுப் போவேன். இல்லேன்னா நான் எப்படிப் போறது? நீங்களே சொல்லுங்க."

ஆகவே நிலைமை இது. தரை சரியாக இருந்தால் கார் வரும். கார் வந்தால் தாங்கள் போவீர்கள். தாங்கள் போனால் பேத்திக்கு ஆள் கிடைக்கும், என் மகள் வேலைக்குப் போவாள். ஒரு குழந்தையின் தொட்டில் என் ஷெட்டின் தரையில் நின்றுகொண்டிருந்தது. அன்றே வேலையைத் தொடங்கினேன்.

முதலில் ரப்பர் விரிப்பு வந்தது. பெரிய சுருளாக இரண்டு பேர் தூக்கி வந்து போட்டுவிட்டுப் போனார்கள். விரித்தால் விரியும், கையை எடுத்தால் மறுபடி சுருண்டுகொள்ளும். ஒரு மூலையில் பூகோள உருண்டை, ஒரு மூலையில் சைக்கிள், ஒரு மூலையில் நான் என்று பாரம் வைத்தும் நான்காவது மூலை எழுந்து நின்று எங்களைப் பார்த்தது. என் மனைவியைக் கூப்பிட்டேன். அவள் மூக்கை மூடிக்கொண்டு வாசலிலேயே நின்றாள். "செருப்புக் கடைக்குள்ள குடித்தனம் பண்ற மாதிரி இருக்குங்க. நான் வரல" என்றாள். வாடை போய்விடும் என்று கடைக்காரர் சொன்னதை அவளிடம் சொன்னேன். "நாம போறதுக்கு முன்னாடி போகுமா?" என்று கேட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை தாங்கள் போனில், "டயரும் ரப்பர், தரையும் ரப்பர். ஆறு மாசத்துல ரெண்டும் ஒட்டிக்கிட்டா?" என்று கேட்டதும் விரிப்பு வந்த வழியே போயிற்று.

இரண்டாவது, ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் பிளாஸ்டிக் சதுரங்கள். இதில் எனக்குத் தனி ஆர்வம் வந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நீலமும் பச்சையுமாகக் கிடைத்தன. நீலத்தைக் கடலாகவும் பச்சையை நிலமாகவும் வைத்து இரண்டு நாளில் உலக வரைபடத்தையே தரையில் கோத்து முடித்தேன். கடைசியில் பச்சை தீர்ந்துபோனதால் ஒரு கண்டத்தை மட்டும் விட வேண்டியதாயிற்று. என் மனைவி வந்து பார்த்தாள். "அழகாதான் இருக்கு. அவரு காரை எந்தக் கண்டத்துல நிறுத்துவாரு?" என்று கேட்டாள். எல்லாக் கண்டங்களிலும் சக்கரம் படும் என்றேன். "கார் மட்டும் எல்லாக் கண்டத்துக்கும் போகுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த வாரம் தாங்கள், "சந்து வழியா அடியில தண்ணி போயிட்டா?" என்று கேட்டீர்கள். சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம் என்று ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினேன். தண்ணீர் முழுவதும் உலகத்துக்கு அடியில் போய்த் தங்கிவிட்டது. ஏறி நடந்தேன். ஒரு கண்டம் மிதந்து இன்னொரு கண்டத்தின் மேல் ஏறிற்று. கண்டங்கள் நகர்கின்றன என்று முப்பத்து நான்கு ஆண்டுகள் வாயால் விளக்கியதை அன்றுதான் காலால் கற்றுக்கொண்டேன்.

மூன்றாவது பார்க்கிங் டைல்ஸ். இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மழையில் நனைந்து வந்த வண்டி வழுக்குமா என்று தாங்கள் கேட்டீர்கள். நான் நான்கு டைல்களைப் பரப்பிச் சோப்புத் தண்ணீர் ஊற்றி நடந்து பார்த்தேன். டைல்ஸ் தேறவில்லை. நானும் இரண்டு நாள் தேறவில்லை.

படுத்திருந்த அந்த இரண்டு நாளும் யோசித்தேன். விரிப்பதும் கோப்பதும் பதிப்பதும் வேண்டாம். பூசுவதுதான் வழி என்று தோன்றியது. தரைப் பூச்சில் ஐந்து வகை இருப்பதாகத் தெரிந்தது. எபாக்ஸி என்கிறார்கள், பாலியூரித்தேன் என்கிறார்கள், அக்ரிலிக் என்கிறார்கள். எல்லாம் டப்பாவில் வருகிறது. எல்லாம் சாம்பல் நிறம். எல்லாம் இருபது ஆண்டு உழைக்கும் என்று டப்பாவே சொல்கிறது. இதில் ஒரு சிக்கல். ஒரு டப்பாவை விற்றவன் என் பழைய மாணவன். வகுப்பில் அவனைக் 'கடைசி பெஞ்சு' என்றுதான் கூப்பிடுவோம். இப்போது பெரிய கடை வைத்திருக்கிறான். "சார், நம்ம மால்தான் சார் பெஸ்ட்டு. உங்ககிட்ட பொய் சொல்வேனா?" என்றான். முன்பு தினமும் சொல்லியிருக்கிறான் என்பது வேறு விஷயம். ஆனாலும் பிரியமான பிள்ளை. அவன் டப்பா எது என்று தெரிந்தால் என் கை தானாக இரண்டு மதிப்பெண் கூடப் போட்டுவிடும். தங்கள் கார் விஷயத்தில் அப்படி ஒரு பாரபட்சம் நுழையலாமா?

பொதுத் தேர்வில் விடைத்தாள் திருத்தும்போது என்ன செய்வோம்? மாணவர் பெயரும் எண்ணும் தெரியாதபடி மறைத்து, வேறு ஒரு பொய் எண் கொடுத்துவிடுவார்கள். திருத்துகிறவருக்கு 8215 என்பது யார் என்று தெரியாது. கலெக்டர் மகனாக இருந்தாலும், சொந்த மகளாக இருந்தாலும், மதிப்பெண் தாளுக்குத்தான். அதே முறையைக் கையாண்டேன். ஒரு நாள் காலையிலேயே நான் நூலகத்துக்குப் போய்விட்டேன். என் மனைவி முன்னிலையில் பெயிண்டர் ஷெட்டின் தரையில் ஐந்து சதுரம் கோடு போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பூச்சைப் பூசி, ஓரத்தில் பொய் எண் எழுத வேண்டும். எந்த எண் எந்தப் பூச்சு என்பதை என் மனைவி ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். தேர்வு முடியும்வரை என்னிடம் சொல்லக் கூடாது. அவள் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது ஆண்டு வேலை பார்த்தவள். ரகசியம் காப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. எங்கள் தெருவில் யாருக்கு எவ்வளவு சர்க்கரை என்று இன்றுவரை எனக்குச் சொன்னதில்லை.

ஒரு வாரம் காய விட்டுத் தேர்வைத் தொடங்கினேன். ஐந்து பாடம், பாடத்துக்கு இருபது மதிப்பெண், மொத்தம் நூறு. பாடங்கள் எல்லாம் தாங்கள் கேட்ட கேள்விகளிலிருந்தே எடுத்தவை.

முதல் பாடம், வழுக்கல். முன் அனுபவம் இருந்ததால் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை ஜன்னல் கம்பியில் முடிந்துகொண்டு, சோப்புத் தண்ணீரில் காலுறையோடு நடந்தேன். 3318-இல் கால் போயிற்று. கயிறு தாங்கியது; ஜன்னல் கம்பி வளைந்தது. இரண்டாவது பாடம், சூடான டயர். வெயிலில் ஓடி வந்த டயர் பூச்சை உரித்துக்கொண்டு போகுமா என்று தாங்கள் கேட்டிருந்தீர்கள். மெக்கானிக்கிடம் ஒரு பழைய டயர் வாங்கி வந்து மாடியில் வெயிலில் போட்டு, சூடு ஏறியதும் உருட்டிக் கொண்டுவந்து ஒவ்வொரு சதுரத்திலும் வைத்தேன். பாரத்துக்கு என்ன செய்வது? அதன்மேல் நானே உட்கார்ந்தேன். சதுரத்துக்கு ஒரு மணி நேரம், செய்தித்தாளோடு. பால்காரர் கதவருகில் நின்று பார்த்தார். "வீட்ல ஏதாவது பிரச்சினையா சார்?" என்று மெதுவாகக் கேட்டார். "இல்லப்பா, சம்பந்தி வர்றாரு" என்றேன். "அப்ப சரி சார்" என்று தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார். தெரு முழுவதும் என்ன சொன்னாரோ தெரியாது. அன்று மாலைக்குள் மூன்று வீட்டிலிருந்து என் மனைவியிடம் ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். டயரைத் தூக்கும்போது 5526 அதோடு சேர்ந்து பாதி எழுந்து வந்தது.

மூன்றாவது, இடுப்பு உயரத்திலிருந்து ஸ்பேனரைப் போடுவது. ஒவ்வொரு சதுரத்திலும் பத்து முறை. ஆறாவது முறையே 6640 சில்லுச் சில்லாகப் பெயர்ந்தது. பக்கத்து வீட்டு இன்ஜினியர் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "சார், என்ன உடைக்கிறீங்க?" என்றார். "உடையுதான்னு பாக்கறேன்" என்றேன். "அத சத்தமில்லாம பாக்க முடியாதா?" என்றார். நான்காவது, ஈரம். சதுரத்தின் மேல் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் ஒட்டி விட்டுவிட்டு மறுநாள் பார்த்தால், தரைக்குக் கீழிருந்து ஈரம் ஏறுகிறதா என்று தெரியும். 7093-இல் பூச்சு அம்மை போட்டது போலக் கொப்பளித்திருந்தது. ஐந்தாவது, எஞ்சின் எண்ணெய் சொட்டுவது. இதில் எல்லோரும் சுமார்தான். 4071 மட்டும் கொஞ்சம் அதிகமாகக் குடித்துவிட்டது. துடைத்த பிறகும் ஒரு தீவு போலக் கறை. இருபதுக்குப் பதினொன்று போட்டேன். மற்ற நான்கு பாடத்திலும் அதற்கு முழு மதிப்பெண். வழுக்கவில்லை, உரியவில்லை, உடையவில்லை, கொப்பளிக்கவில்லை. என் பணிக்காலத்தில் இப்படி ஒரு மாணவனைப் பார்த்ததில்லை. மொத்தம் தொண்ணூற்றொன்று.

இதற்கிடையில் தங்கள் கேள்விகளும் குறையவில்லை. தரையில் சாய்மானம் இருக்கிறதா என்றீர்கள். கோலிக்குண்டு உருட்டிப் பார்த்து இல்லை என்றேன். எறும்பு வருமா என்றீர்கள். சர்க்கரை தூவிக் காத்திருந்து வரவில்லை என்றேன். கடைசியாகப் போன ஞாயிறு, "எல்லாம் சரி சம்பந்தி. புது இடம், வண்டிக்கு ஒத்துக்குமா?" என்று கேட்டீர்கள். அதற்கு எப்படிச் சோதனை செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, "அவசரம் ஒண்ணும் இல்ல. நிதானமா பாருங்க. இந்த மாசம் முடியலேன்னா அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றும் சொன்னீர்கள். தங்கள் பெருந்தன்மை என் கண்ணைக் கலங்க வைத்தது. என் மனைவியிடம் சொன்னேன். "அவருக்கு இருக்கற சந்தேகம் தரையப் பத்தி இல்லீங்க" என்றாள். வேறு எதைப் பற்றி என்றேன். "நீங்கதான் இவ்வளவு பரீட்சை வைக்கறீங்களே. அதையும் கண்டுபிடிங்க" என்றாள்.

எனக்குத் தங்களைப் பார்க்கும்போது ஒரு மாணவி நினைவுக்கு வருகிறாள். தேர்வு அறையில் பேனா எழுதவில்லை என்றாள்; வேறு பேனா கொடுத்தேன். அளவுகோல் இல்லை என்றாள், கொடுத்தேன். மேசை ஆடுகிறது என்றாள். அட்டை மடித்து வைத்தேன். மின்விசிறிக் காற்றில் தாள் பறக்கிறது என்றாள், இடம் மாற்றினேன். எல்லாவற்றையும் சரிசெய்து, "இனி ஒரு குறையும் இல்லம்மா, எழுது" என்றேன். அந்தப் பெண் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். எவ்வளவு பொறுப்பான பெண், ஏன் அழுதாள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பொறுப்பில் தாங்கள் அவளைப் போல என்று சொல்லத்தான் இதை எழுதினேன்.

முடிவு அறிவிக்கும் நாள் வந்தது. சாட்சிக்குப் பெயிண்டர், இன்ஜினியர், கடைசி பெஞ்சு மூவரையும் அழைத்திருந்தேன். ஒடிந்த நாற்காலிகளில் அவர்கள் உட்கார்ந்தார்கள், நான் டயரில். மதிப்பெண்களைக் குறைந்ததிலிருந்து படித்தேன். பிறகு என் மனைவி, ரத்த அழுத்தம் எழுதி வைக்கும் நோட்டுக்குள்ளிருந்து உறையை எடுத்துப் பிரித்தாள். 3318 இன்னது, 5526 இன்னது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கடைசி பெஞ்சு பொறுக்க மாட்டாமல், "சார், நம்ம மால் எத்தனை?" என்றான்.

"5526 உன்னுதா? முப்பத்தெட்டு."

"அப்ப பழைய மார்க்கேதான் சார்" என்று சிரித்துக்கொண்டான்.

"சரி, முதல் இடம் 4071. அது என்ன பூச்சு?" என்று கேட்டேன். என் மனைவி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தாள்.

"4071, வெறும் தரை."

பெயிண்டர் எழுந்து வந்து விளக்கினார். "சார், அஞ்சு டப்பால ஒண்ணு உள்ளுக்குள்ளயே கல்லா இறுகிப் போச்சு. கடப்பாறை போட்டாக்கூட வராது. அம்மாகிட்ட கேட்டேன். அந்தச் சதுரத்த நல்லாத் தேச்சுக் கழுவிட்டு அப்படியே விட்டுடுங்க, நம்பர் மட்டும் போடுங்கன்னாங்க."

"எங்க லேப்ல எப்பவும் ஒரு குழாய வெறுமனே வைப்போம்" என்றாள் என் மனைவி. "மத்ததெல்லாம் நெஜமா வேலை செய்யுதான்னு அத வச்சுத்தான் தெரியும். நீங்க டயர்ல உக்காந்து அதுக்கும் சேத்து மார்க்கு போட்டீங்க."

பல வருட அழுக்குப் போனால் சிமெண்ட் இவ்வளவு அழகான சாம்பல் நிறம் என்று யாருக்குத் தெரியும்? பளபளப்பில்லாத பூச்சும் உண்டு என்று கடைசி பெஞ்சு சொல்லியிருந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. மறுமதிப்பீடு கேட்டேன். இன்ஜினியர் மதிப்பெண் தாளை வாங்கிக் கூட்டிப் பார்த்து, "தொண்ணூத்தொண்ணுதான் சார். இந்தத் தரை போட்டவன் யாரோ நல்ல வேலைக்காரன். பேசாம விடுங்க. நாங்களும் கொஞ்சம் தூங்கறோம்" என்றார்.

ஆகவே, பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களே, தரை தயார். மூன்று நாள் நாங்கள் இருவரும் மண்டியிட்டுத் தேய்த்ததில் ஷெட் முழுவதும் 4071 ஆகிவிட்டது. எண்ணெய் சொட்டும் இடத்துக்கு ஒரு தட்டு வைத்துவிட்டேன். வெறும் சிமெண்ட் என்று இனித் தாங்கள் சொல்ல முடியாது. அது தேர்வு எழுதித் தேறிய சிமெண்ட். பதினெட்டாம் தேதி காரை ஓட்டி வந்து விட்டுவிட்டு, இருபதாம் தேதி கவலையில்லாமல் கிளம்பலாம்.

விமானத்தைப் பற்றித் தாங்கள் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். அதில் பயப்பட ஒன்றுமே இல்லை. பேருந்து மேம்பாலத்தில் ஏறுவது போல ஏறும். வயிறு மட்டும் கொஞ்ச நேரம் கீழேயே தங்கிவிட்டுப் பிறகு வந்து சேர்ந்துகொள்ளும். மேலே போனபின் ரயிலின் கடைசிப் பெட்டியைவிட ஆட்டம் குறைவு. கீழே பார்த்தால் கடல் நீலமாக, என் பிளாஸ்டிக் சதுரம் போலவே இருக்கும். பதினான்கு மணி நேரம் போவதே தெரியாது. நானே கூட வந்து பக்கத்து இருக்கையில் உட்காரலாம் என்றுதான் ஆசை. முறை என்று ஒன்று வைத்துவிட்டோமே, என்ன செய்வது.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கங்கள். பேத்தியைக் கையில் வாங்கும்போது எங்கள் பங்குக்கும் சேர்த்து இரண்டு முத்தம் கொடுக்கவும். அவள் நீண்ட ஆயுளோடு, வழுக்காமல் உரியாமல் உடையாமல் வளர எங்கள் ஆசிகள். காருக்கு என் அன்பு.

தங்கள் பணிவுள்ள சம்பந்தி,
பூகோள ஆசிரியர் (ஓய்வு)

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் எழுத்துப்பிழை பார்க்க என் மனைவியிடம் கடிதத்தைக் கொடுத்தேன். விமானம் பற்றிய பகுதி வந்ததும் சிரிக்க ஆரம்பித்தாள். நின்றுகொண்டு சிரிக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் என்ன என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஆசிரியர் விடையை மறைக்கக் கூடாது.

"அவருக்கு பிளேன்ல ஏற பயம். அத சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு காரைச் சொன்னாரு. நீங்க ஷெட்டக் குடுத்தீங்க. உடனே தரையச் சொன்னாரு. பாவம், நீங்க ஆறு வாரம் விடவே இல்ல."

அந்த மாணவி ஏன் அழுதாள் என்று இப்போது எனக்கு விளங்கிவிட்டது. இத்தனை ஆண்டு கழித்து, சம்பந்தி. "நான் எவ்வளவு முட்டாள்" என்றேன். "முட்டாள்லாம் இல்ல" என்றாள் அவள். "நீங்க ஏன் ஆறு வாரமா டயர் மேல உக்காந்தீங்கன்னு நெனைக்கறீங்க? அவர் போகலேன்னா நம்ம முறை வந்துடும். ரெண்டு பேருக்கும் அதே பயம். நடுவுல மாட்டிக்கிட்டது அந்தத் தரை."

நான் மறுத்துப் பேசத்தான் வாயைத் திறந்தேன். அதை மூடிக்கொண்டு பேனாவைத் திறந்தேன்.

ஆகவே மேலே எழுதியவற்றில் சில திருத்தங்கள். முதல் முறையை மரியாதைக்காக விட்டுக்கொடுத்தேன் என்பதை அடித்துவிடவும். மேம்பாலம், வயிறு, கடைசிப் பெட்டி எல்லாவற்றையும் அடித்துவிடவும். அவை பக்கத்து வீட்டு இன்ஜினியர் சொன்னவை. ஐந்து பெருங்கடல்களையும் குச்சியால் தொட்டுக் காட்டியிருக்கிறேனே தவிர, ஒன்றைக்கூடத் தாண்டியதில்லை. பக்கத்து இருக்கையில் உட்கார ஆசை என்று எழுதியதை மட்டும் இரண்டு முறை அடிக்கவும்.

இன்னொரு செய்தி. என் மனைவியும் சம்பந்தியம்மாவும் நாம் இருவரும் கோலிக்குண்டு பற்றிப் பேசிக்கொண்டிருந்த அன்றே வேறொரு போனில் பேசி முடித்துவிட்டார்களாம். தங்கள் டிக்கெட் ரத்து. அதற்குப் பதிலாக என் மனைவிக்கு எடுத்தாயிற்று. இருபதாம் தேதி அவர்கள் இருவரும் சேர்ந்து போகிறார்கள். என் மகளிடம் கேட்டதற்கு, "ரெண்டு அம்மாவும் வந்தா போதும்மா. அப்பாங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கட்டும்" என்றாளாம். தங்களிடம் இதைச் சொல்லும் பொறுப்பை சம்பந்தியம்மா என்னிடம் விட்டிருக்கிறார்.

எனவே பதினெட்டாம் தேதி காரோடு தாங்களும் வாருங்கள். ஆறு மாதத் துணிமணியும் மஞ்சள் துணியும் மறக்க வேண்டாம். இருபதாம் தேதி நாம் இருவரும் அவர்களைக் காரிலேயே கொண்டுபோய் விமான நிலைய வாசலில் இறக்கிவிட்டு, வெளியே நின்று கையசைத்துவிட்டுத் திரும்பிவிடலாம். ஷெட்டில் கார் நின்றது போக இரண்டு நாற்காலிக்கு இடம் இருக்கிறது. கால் ஒடிந்தவற்றைச் சரிசெய்யக் கொடுத்திருக்கிறேன். சாயங்காலம் அங்கே உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம். வழுக்காது, உரியாது, ஆடாது. தரை என்று ஒன்று காலுக்குக் கீழே இருக்கிறதே, சம்பந்தி, அதன் அருமை நம் இருவருக்குத்தான் தெரியும்.